கொலஸ்ட்ராலுக்கு வெந்தயம், இசப்கோல், பூண்டு: எது, எத்தனை கிராம், எத்தனை வாரம்

லிப்பிட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “மாத்திரை இல்லாம நாட்டு மருந்துலயே குறைச்சிட முடியுமா?” ஓரளவு முடியும். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பது எந்தப் பொருள், எத்தனை கிராம், எத்தனை வாரம், எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இப்போது எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. வெந்தயம் சாப்பிட்டும் குறையவில்லை என்று சலித்துக்கொள்கிறவரிடம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “ராத்திரி கொஞ்சம் ஊறப்போட்டு காலையில தண்ணிய குடிச்சிடுவேன்” என்பார். அந்தக் கொஞ்சம் அரை டீஸ்பூன், அதாவது 2 கிராம். விதை குப்பைக்குப் போயிருக்கும். ஆய்வுகளில் கொலஸ்ட்ரால் இறங்கியது அந்த அளவில் அல்ல.

கல்லீரல் பித்த உப்புகளைச் செய்வதே கொலஸ்ட்ராலைக் கொண்டுதான். சாப்பாட்டில் உள்ள கொழுப்பைக் கரைக்கக் குடலுக்கு வரும் அந்த உப்புகளில் பெரும்பகுதி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். வெந்தயம், இசப்கோல், ஓட்ஸ், பார்லி போன்றவற்றில் உள்ள கொழகொழப்பான கரையும் நார், குடலில் கூழாகி இந்தப் பித்த உப்புகளைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. குறைந்துபோனதை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துப் புதிதாகப் பித்த உப்பு செய்கிறது. எல்டிஎல் இறங்குவது இதனால்தான். ஆகவே வேலை செய்வது அந்தக் கூழ். அது போதிய அளவில், சாப்பாடு குடலில் இருக்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். வெந்தயத் தண்ணீர் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: நாரின் பெரும்பகுதி விதைக்குள்ளேயே தங்கிவிடும், தண்ணீரில் இறங்குவது சொற்பம்.

இந்த வரிசையில் முதலிடம் இசப்கோல் என்ற விதை உமிக்குத்தான். நம் ஊரில் அதை மலச்சிக்கல் மருந்தாக மட்டுமே பார்க்கிறார்கள். கொலஸ்ட்ரால் விஷயத்தில் அதற்கு இருக்கும் அளவுக்கு ஆய்வுச் சான்று வேறெந்த நாட்டு மருந்துக்கும் இல்லை. நாளொன்றுக்கு சுமார் 10 கிராம் உமி எடுத்தால் அதில் 7 கிராம் அளவுக்குக் கரையும் நார் கிடைக்கும். அந்த அளவில் எல்டிஎல் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. 150 இருந்தால் 140-ஐ ஒட்டி வரும். சிறிய எண்தான், ஆனால் நம்பக்கூடிய எண். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-ல் இந்த 7 கிராம் அளவை வைத்துத்தான், இதயநோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்ற வாசகத்தை இசப்கோல் உணவுகளின் லேபிளில் போட அனுமதித்தது.

எடுக்கும் முறையில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள். உமி பஞ்சு போல லேசானது. ஒரு டீஸ்பூன் தலைதட்டி எடுத்தால் 2 கிராம்கூடத் தேறாது. சமையலறைத் தராசில் ஒரே ஒருமுறை 5 கிராம் நிறுத்து, உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை கரண்டி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலைச் சாப்பாட்டோடு ஒருவேளை 3 கிராம் போதும். அடுத்த வாரம் காலையும் இரவும் 3 கிராம். மூன்றாவது வாரத்திலிருந்து இருவேளையும் 5 கிராம். முதல் நாளே 10 கிராமைப் போட்டால் வயிறு உப்பி, வாயு சேர்ந்து, மூன்றாம் நாள் டப்பா அலமாரிக்குப் போய்விடும்.

ஒரு பெரிய டம்ளரில் 250 மில்லி தண்ணீர் எடுத்து, உமியைத் தூவிக் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். மேலே இன்னொரு அரை டம்ளர் தண்ணீர். உமியை வாயில் கொட்டிக்கொண்டு இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்குவது ஆபத்தானது. உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கும், குடலடைப்போ குடல் சுருக்கமோ உள்ளவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. இரவு படுக்கும்போது வெந்நீரிலோ பாலிலோ எடுக்கும் பழக்கம் மலச்சிக்கலுக்குச் சரி. கொலஸ்ட்ராலுக்கு என்றால் சாப்பாட்டை ஒட்டியே எடுக்க வேண்டும். உணவோடு சேராமல் இடைவேளையில் எடுத்தபோது பலன் தெரியவில்லை என்று ஆய்வு இருக்கிறது. சுவை சேர்த்த பாக்கெட்டுகளில் சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இசப்கோல் மற்ற மாத்திரைகளையும் கூழுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பொதுவாக 2 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை என்றால் 4 மணி நேரம் விடுவது நல்லது. காலை ஆறு மணிக்குத் தைராக்சின் போட்டுவிட்டு ஏழரைக்கு இட்லியோடு இசப்கோல் எடுக்கிறவருக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் இரத்த டெஸ்ட் எண்) ஏறலாம். தைராய்டு குறைந்தால் எல்டிஎல்லும் ஏறும். குறைப்பதற்காக எடுத்ததே ஏற்றிவிடும் நிலை வரும். அவர்கள் மதியமும் இரவும் எடுத்துக்கொள்ளலாம்.

வெந்தயத்துக்கு வருவோம். விதையின் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு கரையும் நார். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்றால் நார் 1 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு நாளுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை உணவில் சேர்த்துக் கொடுத்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு மூன்றும் இறங்கின, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் மாறவில்லை. ஆனால் 100 கிராமை யாராலும் தினமும் சாப்பிட முடியாது. அதன்பிறகு வந்த ஆய்வுகள் 5 கிராம் முதல் 25 கிராம் வரை பயன்படுத்தின. பெரும்பாலானவை சிறியவை, சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்தவை. இசப்கோல் அளவுக்கு உறுதியாக ஒரு சதவீதத்தைச் சொல்ல முடியாது. என் கணக்கு இது: 10 கிராமுக்குக் கீழே கொலஸ்ட்ராலில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், 20 முதல் 25 கிராம் எடுத்தால் ரிப்போர்ட்டில் தேடிப் பார்க்கலாம்.

25 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். முழு விதையாக விழுங்கினால் பாதி அப்படியே வெளியேறும். ஊறவைத்து முளைகட்டினால் கசப்பு நன்றாக இறங்கும். இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி, அடுத்த நாள் காலை சின்ன முளை விட்டதும் அரைத்து மோரில் கலந்தால் சிரமமில்லாமல் உள்ளே போகும். கோதுமை மாவில் எட்டில் ஒரு பங்கு வெந்தயப் பொடி கலந்து சப்பாத்தி போடலாம். 100 கிராம் மாவில் 12 கிராம் போய்விடும். வெந்தயக் களி கிண்டும் வீடுகளில் கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் அளவாக வைத்தால் அதுவும் நல்ல வழிதான். இட்லி மாவில் ஆறு டம்ளர் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயம் போடுவது மாவு பொங்கி இட்லி மெதுவாக வரத்தான். இரண்டு இட்லியில் ஒருவருக்குக் கிடைப்பது அரை கிராமைத் தொடாது.

இந்த அளவில் வெந்தயம் மருந்து மாதிரி வேலை செய்யும் என்பதால் மருந்துக்கு உரிய எச்சரிக்கையும் வேண்டும். கிளிமிப்ரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வெந்தயத்தைக் கூட்டும் இரண்டு வாரங்களும் வீட்டு மீட்டரில் பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் அளவைக் குறைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் டெஸ்ட்) பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகள் தாளிக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வியர்வையிலும் சிறுநீரிலும் ஒருவித இனிப்பு வாடை வரும். அது வெந்தயத்தால் வருவதுதான், பயப்பட வேண்டாம்.

வெந்தயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஓட்ஸ் பக்கம் போகலாம். பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் நாளுக்கு 3 கிராம் தேவை. அதற்குச் சுமார் 75 கிராம் வெறும் ஓட்ஸ் வேண்டும். மசாலா ஓட்ஸ் சிறு பாக்கெட் ஒன்றில் அதில் பாதிதான் இருக்கும், உப்பு அதிகம். ஆளி விதை என்றால் 30 கிராம், அதுவும் பொடித்து. முழு விதை வந்த வழியே போய்விடும். பொடித்ததை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள், சீக்கிரம் சிக்கடித்துவிடும்.

பூண்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதில்தான் அதிக ஏமாற்றமும். பூண்டை நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி, பூண்டில் உள்ள அல்லியின் என்ற பொருளை அல்லிசினாக மாற்றுகிறது. பூண்டின் பலன் என்று சொல்வது இந்த அல்லிசினைத்தான். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டால் அது முழுமையாக நடக்கும். நசுக்கியதும் எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். பாலில் முழுப் பல்லாக வேகவைக்கும் பூண்டுப் பாலில் அல்லிசின் ஏறக்குறைய இருக்காது. இதையெல்லாம் கவனித்துச் செய்த பெரிய ஆய்வு 2007-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. எல்டிஎல் 130-க்கும் 190-க்கும் இடையே இருந்த 192 பேர். பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி மாத்திரை, ஊறவைத்துப் பதப்படுத்திய பூண்டுச் சாறு, வெற்று மருந்து (மருந்தே இல்லாத போலி மாத்திரை) என நான்கு குழுக்கள். பச்சைப் பூண்டுக் குழுவுக்குக் கிடைத்தது சுமார் ஒரு பெரிய பல், வாரத்தில் ஆறு நாள், ஆறு மாதம். எந்தக் குழுவிலும் எல்டிஎல் குறையவில்லை. பிற்பாடு பல சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒரு சின்னக் குறைவைக் காட்டியிருக்கிறார்கள். அதை நம்பிக் காலையில் வெறும் வயிற்றில் நாலு பல் மென்று நெஞ்செரிச்சலை வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. ரசத்தில், குழம்பில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரலோ எடுக்கிறவர்கள் பூண்டு மாத்திரையைத் தள்ளி வைக்க வேண்டும், இரத்தக் கசிவு கூடும்.

குக்குலு என்ற மரப்பிசினின் கதை நம் நாட்டில் தொடங்கியது. ஜி.வி. சத்யவதி காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1966-ல் ஆயுர்வேத நூல்களிலிருந்து எடுத்து ஆய்வு செய்தார். பின்னர் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்தது. 1980-களில் அது குக்குலிப்பிட் என்ற பெயரில் மருந்தாக இந்தியச் சந்தைக்கே வந்தது. ஆனால் 2003-ல் பென்சில்வேனியாவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், குக்குலு எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 4 முதல் 5 சதவீதம் ஏறியது. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 5 சதவீதம் இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ப்ரோப்ரனலால், டில்டியாசெம் மாத்திரைகள் உடலில் ஏறுவதையும் குக்குலு குறைக்கிறது. இதயநோயாளிகள் எடுக்கும் மருந்துகள் அவை. கொலஸ்ட்ராலுக்காக இதை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

மருதம்பட்டை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஜெய்ப்பூரில் இதயநோயாளிகளிடம் நாளுக்கு 500 மில்லிகிராம் பட்டைப் பொடி கொடுத்துச் செய்த ஆய்வு 2001-ல் வந்தது. ஒரு மாதத்தில் எல்டிஎல் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியதாகச் சொன்னது. ஆனால் அந்தக் குழுவில் 35 பேர்தான், முப்பதே நாள். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் வலுவான பொருள். சீனாவில் தினம் 1 கிராம் தூய பெர்பெரின் மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 25 சதவீதம் குறைந்ததை 2004-ல் வெளியிட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மரமஞ்சள் கட்டையில் எவ்வளவு பெர்பெரின் இருக்கிறது என்பது கட்டைக்குக் கட்டை மாறும். கஷாயத்தில் அந்த 1 கிராமை அளக்க வழியில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே கூடாது, குழந்தைக்கு மஞ்சள் காமாலை தீவிரமாகலாம். பெயரில் மஞ்சள் இருப்பதால் சமையல் மஞ்சள்தூளில் பெர்பெரின் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அதில் கிடையாது, இரண்டும் வெவ்வேறு செடி.

ஆன்லைனில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியை மூலிகை என்று நினைத்து வாங்காதீர்கள். அதில் உள்ள மொனாகொலின் கே என்பதும், ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ஒன்றான லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. ஸ்டாட்டின் போட்டால் வரும் தசை வலி, கல்லீரல் பிரச்சினை எல்லாம் இதிலும் வரும். மாத்திரையில் மில்லிகிராம் எழுதியிருக்கும், இதில் டப்பாவுக்கு டப்பா மாறும். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுக்கிறவர் இதையும் சேர்த்தால் இரட்டை டோஸ். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் நாளுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே என்று வரம்பு வைத்தது. ஜப்பானில் 2024-ல் இந்த அரிசி மாத்திரைகளால் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவை திரும்பப் பெறப்பட்டன.

இனி ரிப்போர்ட். பலருக்கு மருந்து வேலை செய்ததா என்று தெரியாமல் போவது இங்கேதான். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். மொத்தம் 220, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 150. அதே ஆளுக்கு ட்ரைகிளிசரைடு மட்டும் 300 ஆகிவிட்டால் அதே கணக்கில் எல்டிஎல் 120. உடம்பு மோசமாகியிருக்கிறது, ரிப்போர்ட்டில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ 30 புள்ளி குறைந்திருக்கிறது. கஷாயம் கேட்டுவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அதனால் மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து வரும் எண்ணையும் பாருங்கள். இந்த இரண்டு ரிப்போர்ட்டிலும் அது 180 என்றே நிற்கும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கே செல்லாது, நேரடி எல்டிஎல் கேட்க வேண்டும்.

எதுவுமே செய்யாவிட்டாலும் எல்டிஎல் ஒரு டெஸ்டுக்கும் அடுத்ததற்கும் 10 சதவீதம் வரை ஏறி இறங்கும். காய்ச்சலோ ஆபரேஷனோ ஆனபின் சில வாரங்களுக்குத் தாழ்ந்து காட்டும். ஆகவே தொடங்குவதற்கு முன் ஒரு டெஸ்ட், உடம்பு சுகமாக இருக்கும்போது. முடிந்தால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று எடுத்துச் சராசரி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே லேப், இரவு சாப்பிட்டு 10 முதல் 12 மணி நேரம் கழித்து. பிறகு ஒரே ஒரு மாற்றம். இசப்கோல், வெந்தயம், நடைப்பயிற்சி, எண்ணெய் மாற்றம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறு டெஸ்ட். அதற்கு முன் ரத்தம் கொடுப்பது காசு விரயம். சிங்கப்பூர், மலேசியா ரிப்போர்ட்டில் மில்லிமோல் இருந்தால் கொலஸ்ட்ராலை 38.7-ஆலும் ட்ரைகிளிசரைடை 88.6-ஆலும் பெருக்குங்கள், நம் ஊர் ரிப்போர்ட்டின் மில்லிகிராம் எண் வரும்.

நம்மவர்கள் பலரின் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும்: எல்டிஎல் 115, எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 260. இவருக்கு நார் பெரிதாக உதவாது. அங்கே பிரச்சினை மூன்று வேளை அரிசி, நாலு வேளைச் சர்க்கரை டீ, வார இறுதி மது, இடுப்புச் சுற்றளவு. இவற்றைத் தொடாமல் எந்தச் சூரணமும் அந்த 260-ஐ இறக்காது. 500-க்கு மேல் போனால் கணைய அழற்சி வரும் அபாயம் இருக்கிறது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூலிகையில் சோதித்துப் பார்க்க அவகாசம் இல்லாதவர்களும் உண்டு. மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் வந்தவர்கள். நாற்பது தாண்டிய சர்க்கரை நோயாளிகள். எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தில் பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் இருக்கலாம். அப்பா அல்லது அண்ணனுக்கு 55-க்குள், அம்மா அல்லது அக்காவுக்கு 65-க்குள் மாரடைப்பு வந்திருந்தால், குதிகாலின் பின்பக்கத் தசைநாண் தடித்திருந்தால் உறுதியாகச் சந்தேகப்பட வேண்டும், பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே எல்டிஎல்லை 35 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். இசப்கோலின் 7 சதவீதம் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் துணையாக நன்றாகவே வேலை செய்யும். சிம்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமோடு தினம் 15 கிராம் இசப்கோல் சேர்த்தபோது, தனியாக 20 மில்லிகிராம் கொடுத்ததற்குச் சமமாக எல்டிஎல் இறங்கியது. மாத்திரை டோஸைக் கூட்டத் தயங்குகிறவர்கள் இந்த வழியை மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். தானாக மாத்திரையை நிறுத்திவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் எண்கள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

எதைத் தொடங்கும் முன்பும் டிஎஸ்ஹெச் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவால் ஏறிய எல்டிஎல்லைத் தைராய்டு மாத்திரைதான் இறக்கும், வெந்தயம் இறக்காது.

பத்துப் பதினைந்து மூலிகை கலந்த ‘கொழுப்புக் கரைப்பான்’ பொடிகளை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. பின்பக்கம் மூலிகையின் பெயர் இருக்கும், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் என்பது இருக்காது. அதிமதுரம் அதிகம் இருந்தால் இரத்த அழுத்தம் ஏறி பொட்டாசியம் இறங்கும். 2008-ல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஏற்கெனவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் அரித்தாலோ, பசி செத்தாலோ அன்றே நிறுத்திக் கல்லீரல் டெஸ்ட் எடுக்க வேண்டும். போகும்போது பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், “ஏதோ ஒரு சூரணம்” என்று சொன்னால் மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் பூண்டு மாத்திரை, வெந்தயப் பொடி, மற்ற மூலிகை எல்லாவற்றையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பல் பிடுங்கப் போகிறவர்களும் இதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.